எல்லாக் கோளாறுக்கும் ஒரே விளக்கு: டிரெய்லரில் கேஸ் ஃப்ரிட்ஜ்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய்த் தங்கும் பழைய டிரெய்லர் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கும் நண்பர் கேட்டார்: “உள்ளே கேஸ் ஃப்ரிட்ஜ்தான் இருக்கு, நம்பி வாங்கலாமா?” ஃபோனிலேயே திட்டித் தீர்த்ததில் மனிதர் பயந்துவிட்டார். எங்கள் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் முடிந்து இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே எழுதலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் கம்ப்ரசர் கிடையாது, மோட்டார் கிடையாது. பின்பக்கம் ஒரு சின்ன நீலத் தீ, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து அம்மோனியா ஆவியாகப் பிரிந்து, மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஸ்வீடனில் ஃபான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1922-இல் கண்டுபிடித்த முறை இது. நெருப்பை வைத்து ஐஸ் கட்ட வைத்தவர்களை என்னவென்று பாராட்டுவது! கரன்ட் இல்லாத காட்டு முகாமில் ராத்திரி பக்கத்திலேயே படுத்தாலும் ஒரு சத்தம் வராது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். பால் கெடாது, மீன் கெடாது.

சரி, இப்போது அந்த விளக்குக்கு வருவோம்.

முன்பக்கப் பலகையில் ‘செக்’ என்று ஒரு சிவப்பு விளக்கு. சிலிண்டர் காலியா? அது எரியும். சிலிண்டரை மாற்றியபின் குழாயில் காற்று நின்றுவிட்டதா? அப்போதும் அதுதான். பர்னருக்குக் கேஸ் விடும் சின்ன ஓட்டையான ஜெட் அடைத்தாலும், தீப்பொறி முனை நகர்ந்தாலும், சர்க்யூட் போர்டே போனாலும் அதேதான். எதைச் செக் பண்ணுவது என்று மட்டும் சொல்லாது. மத்தியானம் பார்த்தால் பச்சை, சாயங்காலம் பார்த்தால் சிவப்பு. நடுவில் எப்போது அணைந்தது என்பது ஐஸ்கிரீமுக்குத்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மலைப்பாங்கான கொலராடோவின் டென்வர் பக்கம். ஃப்ரிட்ஜ் முதன்முதலில் படுத்தது 10,000 அடிக்கு மேலே இருக்கும் லெட்வில்லில். “உயரம், காற்று மெல்லிசு, அப்படித்தான்” என்றார்கள் முகாமில் எல்லோரும். தப்பில்லை, 5,500 அடிக்கு மேலே போனால் கேஸை விட்டுக் கரன்டுக்கு மாறச் சொல்லித்தான் கையேடே சொல்கிறது. ஆனால் 4,700 அடியில் இருக்கும் பியூப்லோவுக்கு இறங்கி வந்தபிறகும் தீப்பொறி தட்டும் அதே டிக்-டிக்-டிக், அதே சிவப்பு. அப்போது உயரத்தின் மேல் பழிபோட முடியவில்லை.

கேஸுக்குப் பதில் கரன்ட் சூட்டில் ஓடட்டும் என்று பிளக்கில் மாட்டினால் மறுநாள் காலைக்குள் கல்லாக உறைந்தது. ஆக, குளிரூட்டும் பகுதியில் குறையில்லை. கேஸ் அடுப்பு ஜோராக எரிந்தது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் சரி. பாக்கி இருப்பது பர்னரும் போர்டும்தான். வந்த மெக்கானிக் பர்னர் மூடியைக் கழற்றாமலேயே போர்டைக் கைகாட்டினார். புதுப் போர்டு மாட்டி, அதற்குச் சுளையாகப் பணமும் கொடுத்தோம். அடுத்த பயணத்திலேயே சிவப்பு வந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியில் இன்னொருவர் வந்து, சிலிண்டரை மூடிவிட்டு, வெளிச்சுவரில் இருக்கும் வென்ட் மூடியைக் கழற்றினார். பர்னர் மேல் புகைக்குழாயிலிருந்து உதிர்ந்த துருச் செதில்கள். பர்னர் குழாய்க்குள் சிலந்தி கட்டிய ஒட்டடை. சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் கேஸில் வாசனைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் சிலந்திகளை இழுக்கிறது என்று டிரெய்லர்காரர்கள் பலர் சொல்வார்கள். எப்படியோ, காற்று சரியாகக் கலக்காததால் தீ மஞ்சளாகச் சோம்பி, ஒரு பக்கம் சாய்ந்து எரிந்திருக்கிறது. எங்கள் மாடலில் தீப்பொறி தரும் முனைதான் தீ இருக்கிறதா என்றும் உணர்கிறது. சாய்ந்த தீ முனையைத் தொடவில்லை. தீயே இல்லை என்று முடிவுகட்டிய போர்டு கேஸை மூடிவிட்டது. போர்டு, பாவம், தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. புதுசும் அதையே செய்தது.

புகைக்குழாயைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, பர்னரைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஜெட்டை ஆல்கஹாலில் ஊறவைத்தார். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தவே கூடாது, ஓட்டை பெரிதானால் தீயின் அளவே கெட்டுவிடும் என்றார். (முகாமில் நமக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் கையில் சேஃப்டி பின்னோடுதான் வருகிறார்கள்.) இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்து மூடினார். தீ இப்போது நீலமாக, நிமிர்ந்து எரிகிறது. வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் சுத்தம் போதுமாம். முதல் ஆளுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்?

இவ்வளவு புகழ்ந்தும், அடுத்த டிரெய்லரில் எனக்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்தான். பேட்டரியைத் தின்னும், ராத்திரி உறுமும், கூரை நிறைய சோலார் கேட்கும். தின்னட்டும். அதில் சிவப்பு விளக்கைப் பார்க்கப் பாதி ராத்திரியில் எழுந்திருக்க வேண்டாம்.

ஆனால் நண்பர் வாங்கலாம். அவர் போவதெல்லாம் கரன்ட் இல்லாத இடங்கள். சோலாருக்குச் செலவு செய்ய இப்போது அவருக்கு வசதியும் இல்லை. நண்பரே, பார்க்கப் போகுமுன் விற்பவரிடம் டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, முதல் நாளே கேஸில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். சாய்வாக நின்றபடி நெடுநேரம் ஓடினால் இதன் குழாய்கள் உள்ளுக்குள்ளேயே பாழாகிவிடும். பழைய வண்டியில் அப்படி ஏதும் நடந்திருக்கிறதா என்பது ஒரு ராத்திரி ஓட விட்டால்தான் தெரியும். கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள், அம்மோனியா நெடி வருகிறதா என்று. பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் தூள் படிந்திருந்தால் உள்ளே இருக்கும் துருத்தடுப்பு மருந்து வெளியே கசிகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் ஃப்ரிட்ஜுக்கு விலையே போடாதீர்கள். புதுசு மாட்டும் செலவைக் கழித்துவிட்டு டிரெய்லருக்குப் பேசுங்கள்.