கேம்பருக்குக் கீழே இருப்பவை: நான்கு ஆண்டு, 46,000 கிலோமீட்டர்

2021 வசந்தத்தில் கனடாவின் கேல்கரியில் ஒரு பழைய ஃபோர்டு எஃப்-350 பிக்கப் டிரக் வாங்கினேன். பின்னால் 8 அடிச் சரக்குப் பெட்டி, பெட்ரோல் எஞ்சின், பின் ஆக்சிலில் பக்கத்துக்கு ஒரு சக்கரம். அடுத்த மாதமே அதன் முதுகில் ஏற்ற ஒன்பதரை அடி கேம்பர் ஒன்றும் வந்தது, அதுவும் பழையது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும், நான்கு கால் ஜாக்கி வைத்து இறக்கி ஏற்றும் வகை. அதன் உள்ளே நான் செய்தது கொஞ்சம்தான். பணமும் ராத்தூக்கமும் போனதெல்லாம் டிரக்குக்கும் கேம்பருக்கும் நடுவில் இருக்கும் சமாச்சாரங்களில். அவை நான்கு வருஷத்தில் எப்படித் தாங்கின என்பதை எழுதுகிறேன்.

அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் காலம் கழித்தவர். கேம்பரின் படத்தை அனுப்பினேன். "வீடு நல்லாத்தான் இருக்குது கண்ணு. வண்டி எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். எழுதியிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர்: ஆட்களும் சரக்கும் சேர்த்து 3,870 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. அதாவது சுமார் 1,755 கிலோ. கேம்பரின் ஸ்டிக்கரில் 2,610 பவுண்டு. ஆயிரத்துக்கு மேல் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அந்த 2,610 வெறும் கூட்டின் எடை. மேல்கூரை ஏசி, பக்கவாட்டுப் பந்தல், சமையல் கேஸ், தண்ணீர், சட்டி பானை எதுவும் அதில் சேராது. எல்லாம் நிரப்பி, லாரிகள் நிற்கும் இடத்தில் எடைமேடையில் ஏற்றினேன். கேம்பர் இல்லாமல் முன்பு எடுத்திருந்த எடையைக் கழித்தால் கேம்பர் மட்டும் 3,340. நான், மனைவி, மகள் மூவரும் 395. ரப்பர் பாய் 130, பிளைவுட் 65, கட்டும் சாமான்கள் 70. கூட்டினால் சரியாக 4,000. வரம்புக்கு மேல் 130 பவுண்டு.

என்ன செய்தேன் என்றால், 30 கேலன் தண்ணீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்புவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு கேலன் 8.34 பவுண்டு, ஆகவே அதிலேயே 125 குறைந்தது. பின்கதவைக் கழற்றி கராஜில் சாத்தினேன். கேம்பர் ஏறியபிறகு அந்தக் கதவை மூடவும் முடியாது, அதைச் சுமந்து என்ன பயன்? கதவில் இருந்த கேமரா மட்டும் போனது. அதன் வயர் முனையைப் பிளாஸ்டிக் மூடி போட்டு மேலே கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே குளிர்காலத்தில் பச்சை பூத்துவிடும். டயர் விஷயத்தில் கவலை இல்லை. எல்டி275/70ஆர்18, ஈ வகை, 80 பிஎஸ்ஐ காற்றில் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் 7,280. என் பின் ஆக்சிலில் எடைமேடை காட்டியது 6,640.

எடையைவிட எடை எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். கேம்பரின் பக்கவாட்டில் எடைமையத்துக்கு ஒரு குறி ஒட்டியிருப்பார்கள். அது பின் ஆக்சிலுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலோ விழவேண்டும். பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். இதை அப்பா எனக்கு எட்டு வயதிலேயே சொல்லியிருக்கிறார், செங்கல் லோடை உதாரணம் காட்டி. குறுகிய பெட்டி டிரக்கில் நீளக் கேம்பரை ஏற்றியவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி பெட்டி. முந்தைய உரிமையாளர் உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பதித்து வைத்திருந்தார். கேம்பருக்கு அது கூடவே கூடாது, சோப்பு மேல் பலகை வைத்த மாதிரி வழுக்கும். கழற்றியதும் இன்னொன்று தெரிந்தது: அதன் அடியில் சாலை உப்பும் ஈரமும் தேங்கி, தகடு நான்கைந்து இடத்தில் துரு. தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் அடிக்க இரண்டு சனிக்கிழமை.

அதன் மேல் குதிரை லாயத்தில் விரிக்கும் முக்கால் அங்குல ரப்பர் பாய். ஆல்பர்ட்டாவில் பண்ணைக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். நான்குக்கு ஆறு அடிப் பாய் ஒன்றே 100 பவுண்டு, தனியாகத் தூக்க நினைக்காதீர்கள். புதிதில் டயர்க்கடை நாற்றம். இரண்டு வாரம் வெயிலில் போட்டு வைத்தேன். நான்கு வருஷத்தில் கேம்பர் ஒரு அங்குலம்கூட முன்னும் பின்னும் நகரவில்லை. கொடுத்த காசுக்கு இதைவிட மதிப்பான சாமான் என் வண்டியில் வேறில்லை.

பாய்க்கு அடியில் பிளைவுட்டும், அதற்கும் அடியில் நீலநிற இறுக்கமான ஃபோமும் வைத்தேன். காரணம் உயரம். இந்த டிரக்கின் பக்கச் சுவர் உயரமானது. கேம்பரைச் சும்மா வைத்தால், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் இறக்கை பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கேம்பரின் எடையைத் தகடு சுமக்கும். விளிம்புக்கு மேல் ஒரு அங்குலத்துக்குக் குறையாமலும், முன்னால் கேபின் கூரைக்கு மேல் இரண்டு அங்குலமும் இடைவெளி வரும்வரை ஏற்றினேன். பலகை முன்னால் நழுவாமல் இருக்க ஒரு மரக்கட்டையும் முட்டுக்கொடுத்தேன்.

கட்டுவதற்குச் சேஸிஸிலேயே போல்ட் போடும் வகைதான் எடுத்தேன். பெட்டித் தகட்டில் மாட்டும் வகை மலிவு, எடையும் குறைவு. ஆனால் தெற்கு ஆல்பர்ட்டாவின் பிஞ்சர் க்ரீக் பக்கம், மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று அடிக்கும்போது இந்த 3,000 பவுண்டுச் சுவர் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவனுக்குத் தகட்டை நம்ப மனசு வராது. ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கட்டுக்கம்பி, நான்கு. முதல் பயணத்தில் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தபோது இரண்டு தளர்ந்திருந்தன, ரப்பர் அமுங்கியிருக்கிறது. இப்போதும் கிளம்பினால் முதல் டீக்கடை நிறுத்தம் அதற்குத்தான் (டீக்கடை என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், இங்கே காபிதான்). இரண்டாம் வருஷம் பின்பக்க மறைகள் உப்பில் இறுகி, சுத்தியல் கொண்டு தட்டித்தான் திறந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கிரீஸ்.

வயரிங்கில்தான் நான் நிறையத் தப்புப் பண்ணினேன்.

டிரக்கின் பின் பம்பரில் டிரெய்லருக்கான ஏழு முனை சாக்கெட் உண்டு. கேம்பரின் வயரோ முன்னால், இடது மூலையில் தொங்கும். அதனால் டி வடிவ இணைப்பு போட்டு, பெட்டியின் இடதுசுவரில் ஓட்டை வெட்டி இரண்டாவது சாக்கெட் வைத்தேன். கேம்பரின் பழைய சாக்கெட் வயர்கள் அறுந்திருந்தன. நிறத்துக்கு நிறம் பார்த்துச் சேர்த்தேன். அங்கேதான் வினை. டிரக் பக்கத்து வழக்கத்தில் பழுப்பு என்றால் பின்விளக்கு, பச்சை என்றால் வலது இண்டிகேட்டர். என் கேம்பர் கட்டிய வழக்கத்தில் பச்சை பின்விளக்கு, பழுப்பு வலது இண்டிகேட்டர், இடது சிவப்பு. மகளைப் பின்னால் நிற்கவைத்து வலது இண்டிகேட்டர் போட்டேன். "அப்பா, மேல இருக்கிற குட்டி லைட்டெல்லாம் மின்னுது, கல்யாண வீடு மாதிரி!" என்று கத்தினாள். நிறத்தை நம்பாமல், டெஸ்ட் லைட் வைத்து ஒவ்வொரு முனையும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துச் சேர்ப்பதே வழி.

அதைச் சரிசெய்தபின் இன்னொன்று. பின்விளக்கு எரியும்போது பிரேக் மிதித்தால் எல்லா விளக்கும் மங்கும். இப்படி ஒன்றை மிதித்தால் இன்னொன்று ஆடினால் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் எர்த் வயரை பெயின்ட் மேலேயே திருகியிருந்தேன். சுரண்டி, பல்வாஷர் போட்டு, கிரீஸ் பூசி முடுக்கியதும் சரியானது. இன்றுவரை மங்கவில்லை.

பேட்டரி சார்ஜ் விவகாரம் ஒரு கோடை முழுதும் ஓடியது. ஏழு முனையில் ஒன்று 12 வோல்ட் சார்ஜ் முனை. அதை நம்பி கேல்கரியிலிருந்து ஜாஸ்பர் வரை ஐந்து மணிநேரம் ஓட்டினேன். போய்ச்சேர்ந்தபோது கேம்பர் பேட்டரி கிளம்பியபோது இருந்ததைவிடக் கொஞ்சம்தான் தேறியிருந்தது. அன்றிரவு ஹீட்டர் விசிறி இரண்டு மணிக்கே ஓய்ந்தது. வீட்டுக்கு வந்து அளந்தேன். எஞ்சின் ஓடும்போது டிரக் பேட்டரியில் 14.1 வோல்ட், கேம்பர் பேட்டரியில் 12.9. காரணம் வயர். 10 கேஜ் செம்புக்கு ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1 ஓம். போக 25 அடி, வர 25 அடி. 20 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட் வழியிலேயே காலி. மீதி இணைப்புகளில்.

இரண்டாம் வருஷம் அதைவிடத் தடித்த 4 கேஜ் கேபிள் போட்டேன் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்). அதே கணக்கில் இழப்பு கால் வோல்ட்தான். எர்த்தையும் சேஸிஸை நம்பாமல் தனிக் கேபிளாக இழுத்தேன். டிரக் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ், கேம்பர் பேட்டரி முனையில் இன்னொன்று. இரண்டு பக்கமும் பேட்டரி இருப்பதால் எந்தப் பக்கம் உரசினாலும் தீப்பிடிக்கும், ஆகவே ஃபியூஸ் இரண்டு பக்கமும் வேண்டும். கேம்பருக்குள், டிரக்கிலிருந்து வரும் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி. இப்போது மூன்றரை மணிநேரம் ஓட்டினால் காலி பேட்டரியும் நிரம்பிவிடுகிறது. சார்ஜரை ஆன் செய்ய டிரக்கின் கூரையில் இருக்கும் கூடுதல் சுவிட்சுகளில் ஒன்றைப் பயன்படுத்துகிறேன்.

இதிலும் ஒரு முட்டாள்தனம். பழைய சார்ஜ் முனையின் ஃபியூஸைப் பிடுங்க மறந்துவிட்டேன். சார்ஜர் கேம்பர் பேட்டரிக்குக் கொடுப்பதை, பழைய வயர் மறுபடி டிரக் பக்கம் கொண்டுபோக, சார்ஜர் அதையே திரும்ப எடுத்து... கிணற்றில் இறைத்து அதே கிணற்றில் ஊற்றிய கதை. சார்ஜர் கொதித்ததைத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

லித்தியம் பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்கக்கூடாது. அதன் உள்ளிருக்கும் காவல் சுற்றே தடுத்துவிடும். இந்த ஊரில் அது அக்டோபரிலேயே நடக்கும். வெளிப்பெட்டியில் இருந்த பேட்டரியை இருக்கைக்கு அடியில், ஹீட்டர் காற்று படும் இடத்துக்கு மாற்றினேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

46,000 கிலோமீட்டருக்குப் பிறகு நிலவரம் இது. சார்ஜ் கேபிள், டிரக் பெட்டிக்கும் கேபினுக்கும் இடையில் தகட்டில் உரசி, மேலுறை பாதி தேய்ந்திருந்தது. ரப்பர் வளையம் வைத்து, நெளிகுழாய் போட்டு இரட்டிப்பாக மூடியாயிற்று. அந்தக் கேபிளைக் கேம்பரோடு இணைக்கும் தடித்த செருகிக்கு மூடி வாங்காமல் விட்டதில், ஒரு வசந்தத்தில் அதற்குள் சேறு. இப்போது மூடி உண்டு. பின் ஸ்பிரிங் பட்டைகள் படியவில்லை, ஆனால் வளைவுகளில் சாய்வு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து, அந்தச் சாய்வைக் குறைக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார் வாங்க எண்ணம். பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 21 லிட்டர், அதில் பேச ஒன்றுமில்லை.

போன வாரம் கேம்பரை இறக்கி பாயைச் சுருட்டிப் பார்த்தேன். பிளைவுட்டின் முன்மூலை ஊறி உப்பியிருக்கிறது. ஓரத்துக்கு வார்னிஷ் அடிக்காமல் விட்டது என் சோம்பல். அப்பாவிடம் காட்டினேன். "மரத்துக்கு எண்ணெய் வெச்சயா?" என்றார். புதுப் பலகை வாங்கியாயிற்று, இந்த முறை நான்கு ஓரத்துக்கும் மூன்று கோட்டு வார்னிஷ்.