பெரிய மதிப்புகளுக்கு எது சரி: ராக்ஸ்டிபியா, எல்எம்டிபியா, எஸ்க்யூலைட்டா?

ஒவ்வொரு கீக்கும் (பெயருக்கும்) ஒரு மதிப்பைச் சேமிப்பவை கீ-வேல்யூ டேட்டாபேஸ்கள். நிரலுக்குள்ளேயே ஓடும் இத்தகையவற்றில் நூறு, இருநூறு பைட் மதிப்புகளை வைக்கும்வரை எதை எடுத்தாலும் வேகம்தான். ஒரு மதிப்பு 1 எம்பியை (மெகாபைட்) தொட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ராக்ஸ்டிபியில் எழுதுவது முதலில் மெம்டேபிள் என்ற, நினைவகத்தில் இருக்கும் தற்காலிக இடத்தில் சேரும். அதன் இயல்பான அளவு 64 எம்பி. 1 எம்பி மதிப்புகள் அறுபது சொச்சம் வந்தாலே அது நிறைந்து டிஸ்குக்கு இறங்கிவிடும். அப்புறம் கம்பாக்ஷன்: டிஸ்கில் உள்ள கோப்புகளை வரிசைப்படுத்தி இணைத்து அடுத்த அடுக்குக்கு இறக்கும் வேலை. வரிசைப்படுத்தத் தேவைப்படுவது சின்னஞ்சிறு கீ மட்டுமே. ஆனால் அடுக்குக்கு அடுக்கு இறங்கும்போதெல்லாம் மொத்த 1 எம்பியும் மறுபடி எழுதப்படுகிறது. டிஸ்க் ஈடுகொடுக்க முடியாதபோது ராக்ஸ்டிபி எழுதுவதைத் தானே மட்டுப்படுத்தும், சில சமயம் நிறுத்தியே வைக்கும்.

இதற்கு வழி, கீயை மட்டும் மரத்தில் (இந்த அடுக்குகளில்) வைத்துவிட்டு மதிப்பைத் தனிக் கோப்பில் போடுவது. 2016இல் வந்த விஸ்கீ ஆய்வின் யோசனை இது. பேட்ஜர் என்ற டேட்டாபேஸ் இதன்மேல் கட்டப்பட்டது. ராக்ஸ்டிபியில் இதற்குப் பிளாப்டிபி என்ற வசதி இருக்கிறது; தனிக் கோப்புகளைப் பிளாப் கோப்புகள் என்பார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பிளாப்டிபியில் பழைய மதிப்புகளை அகற்றும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். பேட்ஜரில் அந்த வேலையை உங்கள் நிரல்தான் கூப்பிட்டுச் செய்யவேண்டும். விட்டால் டிஸ்க் நிரம்பும்.

எல்எம்டிபியில் கம்பாக்ஷனே கிடையாது. படிக்கும்போது நகல் எடுக்காமல் நேரடிச் சுட்டியே கையில் கிடைக்கும்; பெரிய மதிப்பைப் படிக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. சிக்கல் எழுதுவதில். டேட்டாபேஸ் கோப்பு பேஜ் எனும் சம அளவுத் துண்டுகளால் ஆனது. 4096 பைட் பேஜில் 1 எம்பி மதிப்புக்கு அடுத்தடுத்த 257 பேஜ்கள் வேண்டும் (அந்த ஒன்று கூடுவது 16 பைட் தலைப்பால்). அழித்து எழுதி காலி இடம் துண்டு துண்டாகிவிட்டால் இதைத் தேடவே நேரம் போகும். கிடைக்காவிட்டால் கோப்பு வளரும். படிக்கத் திறந்த ஒரே ஒரு டிரான்ஸாக்ஷனை மூடாமல் விட்டாலும் பழைய பேஜ்கள் மறுபடி பயன்படுத்தக் கிடைக்காது.

எஸ்க்யூலைட் உண்மையில் அட்டவணை டேட்டாபேஸ்; கீ-வேல்யூவாகவும் பயன்படுத்தலாம். அது பெரிய மதிப்பைப் பேஜ்களின் சங்கிலியாக வைக்கும். பேஜ் அளவை 8192 அல்லது 16384 ஆக்கினால் நன்றாகவே ஓடும். ஆனால் சுமார் 100 கேபிக்கு மேல் தனிக் கோப்பே வேகம் என்கிறது அவர்களின் சொந்த அளவீடு.

என் தேர்வு: எழுதியபின் அதிகம் மாறாதவற்றுக்கு எல்எம்டிபி, ஓயாமல் மாறுபவற்றுக்குப் பிளாப் கோப்புகளோடு ராக்ஸ்டிபி, பல எம்பி போனால் சாதாரணக் கோப்பும் டேட்டாபேஸில் அதன் பாதையும். சோதிக்கும்போது காலி டேட்டாபேஸில் அளக்காதீர்கள். நிரப்பி, பாதியை அழித்து, மேலெழுதிய பிறகு அளந்துபாருங்கள்.