மறந்துபோனால் என்ன ஆகும்? எலும்புப்புரைக்கு மாத்திரையா, டிரிப்ஸா, ஊசியா

அம்மா மாடிப்படியிலிருந்து விழவில்லை, வழுக்கவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழும்போது லேசாகத் தடுமாறிக் கையை ஊன்றினார். அதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட மருத்துவர், "இவ்வளவு சின்ன விஷயத்துக்கு முறியக் கூடாதே" என்று எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்ட அளவு, மைனஸ் 2.9. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே எலும்புப்புரை என்று 1994ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது.

"எலும்புத் தேய்மானமாம்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்ல, பாதிப் பேர் மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து முழங்காலுக்கு வைத்தியம் சொன்னார்கள். இந்தக் குழப்பம் சாதாரணமாகத் தெரிந்தாலும் பின்னால் தொல்லை தரும். மூட்டுத் தேய்மானம் வலிக்கும், மருந்து சாப்பிட்டால் வலி குறைகிறதா என்று பார்க்கலாம். எலும்புப்புரை முறியும்வரை வலிப்பதில்லை. அதற்கான மருந்து வேலை செய்வதும் உடம்புக்குத் தெரியாது. "மூணு மாசமா சாப்பிடறேன், ஒரு வித்தியாசமும் இல்ல" என்று மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் ஏராளம்.

எங்களுக்கு மருத்துவர் மூன்று வழி சொன்னார். வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒரு தடவை சோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ், ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி. எல்லோரையும் போல நானும் "இதில் எது பவர் அதிகம்?" என்றுதான் கேட்டேன். "மறந்துபோனால் எதில் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்க வேண்டும். அதைப் பெரியம்மாவின் முதுகெலும்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பவர் கணக்கைப் பார்த்துவிடலாம். 1996ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களுக்கு அலெண்ட்ரோனேட் கொடுத்தபோது புதிய முதுகெலும்பு முறிவுகள் 47 சதவீதம் குறைந்தன. இடுப்பு முறிவும் ஏறக்குறைய பாதியானது. 2007ல் சோலெட்ரோனிக் ஆசிட்: முதுகெலும்பில் 70 சதவீதம், இடுப்பில் 41 சதவீதம் குறைவு. 2009ல் டெனோசுமாப்: 68, 40. மூன்றுமே மூன்று ஆண்டுக் கணக்கு, மூன்றிலும் ஒப்பிடப்பட்டது மருந்தில்லாத போலி மாத்திரையோடு அல்லது ஊசியோடு. எண்களை வரிசையாக எழுதினால் மாத்திரை மட்டம், மற்றவை மேல் என்று தோன்றும். ஆனால் மூன்றும் தனித்தனி ஆய்வுகள், வெவ்வேறு ஆட்கள். மூன்று வகுப்பில் மூன்று கேள்வித்தாள் கொடுத்து மார்க்கை ஒப்பிடுவது போலத்தான் இது. இடுப்பு முறிவைப் பொறுத்தவரை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட முடிவு.

உண்மையான வேறுபாடு மருந்து உடம்புக்குள் எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. நம் எலும்பை ஒரு கூட்டம் செல்கள் எந்நேரமும் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கூட்டம் பின்னாலேயே வந்து கட்டும். வயதாகும்போது, குறிப்பாகப் பெண்களுக்கு மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின், கரைக்கும் கூட்டத்தின் கை ஓங்கிவிடும். மூன்று மருந்துமே அந்தக் கூட்டத்தைத்தான் அடக்குகின்றன. மாத்திரையும் டிரிப்ஸும் பிஸ்பாஸ்போனேட் என்ற ஒரே குடும்பம். எலும்பிலேயே போய் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். டெனோசுமாப் எலும்பில் ஒட்டாது. கரைக்கும் செல்கள் உருவாகத் தேவையான ஒரு புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு மாதத்தில் மருந்து தீர்ந்ததும் பிடி விட்டுப்போகும்.

மாத்திரை: சட்டதிட்டம் அதிகம், மறதிக்கு மன்னிப்பும் உண்டு

அம்மா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். காலையில் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு 70 மி.கி. மாத்திரை. சப்பக் கூடாது, கடிக்கக் கூடாது. அதன்பின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதையும் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. அம்மா சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி. கீழே விழுந்த செய்தித்தாளை எடுக்கக்கூடக் குனிய மாட்டார்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினாலே இந்த மருந்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. காபியோடோ ஆரஞ்சுச் சாறோடோ விழுங்கினால் அதிலும் சுமார் 60 சதவீதம் போய்விடும். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது எல்லாவற்றையும்விட மோசம், மருந்தைக் கால்சியம் பிடித்துக்கொண்டு விடாது. நிமிர்ந்து உட்காரச் சொல்வது வேறு விஷயத்துக்கு: மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். உணவுக்குழாயில் சுருக்கம் இருப்பவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் இந்த வழியை நினைத்தே பார்க்க வேண்டாம்.

ஆனால் ஒரு வாரம் மறந்தால்? பெரிதாக ஒன்றும் ஆகாது. ஞாபகம் வந்த நாளுக்கு மறுநாள் காலை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்த வாரம் வழக்கமான கிழமைக்குத் திரும்பிவிடலாம். ஒரே நாளில் இரண்டு மட்டும் கூடாது. எலும்பில் ஏற்கெனவே சேர்ந்த மருந்து காவல் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதே குடும்பத்தில் மாதம் ஒரு மாத்திரையாக ஐபாண்ட்ரோனேட்டும் உண்டு. மாதம் ஒன்றுதானே என்று ஆசை வரும். அதற்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இடுப்பு முறிவைத் தடுப்பதாக அதன் முக்கிய ஆய்வு நிரூபிக்கவும் இல்லை. இடுப்பில்தான் டி-ஸ்கோர் மோசம் என்பதால் எங்களுக்கு அது சரிவரவில்லை.

டிரிப்ஸ்: ஒரு நாள் காய்ச்சல், ஓர் ஆண்டு நிம்மதி

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. டிரிப்ஸுக்கு மாறினோம். 5 மி.கி. மருந்து, குறைந்தது 15 நிமிடம் ஏற வேண்டும். அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் ரத்தத்தில் பார்த்தார்கள். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கிடையாது. கால்சியமோ வைட்டமின் டியோ குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான்.

அன்று இரவு அம்மாவுக்குக் குளிர்க்காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. முதல் தடவை போடும்போது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், மூன்றாம் நாள் எழுந்து நடமாடினார். அடுத்த ஆண்டு போட்டபோது லேசான தலைவலியோடு சரி. பொதுவாகவே இரண்டாம் தடவை நூறில் ஏழு பேருக்குத்தான் வருகிறது.

மறதிக் கணக்கில் மூன்றில் ரொம்பப் பெருந்தன்மையானது இதுதான். ஓரிரு மாதம் தள்ளிப்போனால் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை போட்டதன் பலன் ஐந்து ஆண்டு வரை எலும்பு அடர்த்தியில் தெரிந்ததை நியூசிலாந்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

ஊசி: போட எளிது, நிறுத்துவது எளிதல்ல

பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் பலவீனம். மாத்திரையும் டிரிப்ஸும் வேண்டாம் என்றாகி, டெனோசுமாப் ஊசி. சிறுநீரகத்தின் வழியாக வெளியேறாத மருந்து என்பது இதன் பெரிய வசதி. 60 மி.கி., தோலுக்கடியில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. காத்திருப்பு, காய்ச்சல் எதுவும் கிடையாது. அம்மா கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த காலத்தில் பெரியம்மா சிரித்துக்கொண்டே வந்து போவார்.

நான்கு ஊசி போட்டார். ஐந்தாவது வேளையில் வீடு மாறினார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம், மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அவர் கையில் இருந்த மருத்துவமனைச் சீட்டில் அடுத்த வருகைக்கு மாதம் போட்டிருந்தது. தள்ளிப்போடக் கூடாது என்று ஒரு வரி இல்லை, யாரும் வாயால் சொன்னதாகவும் அவருக்கு நினைவில்லை. கடைசி ஊசிக்குப் பதினோராவது மாதம், பாதி நிறைந்த வாளியைத் தூக்கினார். முதுகில் 'சுருக்'கென்று ஒரு வலி. எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன.

இது துரதிர்ஷ்டம் அல்ல, இந்த மருந்தின் இயல்பு. பிடி விட்டதும், இத்தனை நாள் அடங்கியிருந்த கரைக்கும் செல்கள் முன்பைவிட வேகமாகக் கிளம்பும். சேர்ந்த அடர்த்தி ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும், சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கும். கடைசி ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு மாதத்தைத் தாண்டவிடக் கூடாது என்கிறார்கள். 2020 ஊரடங்கில் மருத்துவமனைக்குப் போக முடியாமல் பலர் தவித்தபோது, எலும்பு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து இதற்கென்றே வழிகாட்டல் வெளியிட்டன: ஊசி போட வழியே இல்லையென்றால் தற்காலிகமாக மாத்திரைக்காவது மாறுங்கள் என்று. நிரந்தரமாக நிறுத்துவதாக இருந்தாலும் அப்படியே நிறுத்த முடியாது. பிஸ்பாஸ்போனேட்டுக்கு மாறித்தான் வெளியே வர வேண்டும். சிறுநீரகம் காரணமாகப் பெரியம்மாவுக்கு அந்த வாசலும் குறுகல்.

சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் கால்சியம் அபாயகரமாக இறங்கலாம். முக்கியமாக டயாலிசிஸில் இருப்பவர்களுக்காக 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் விவரக்குறிப்பில் மிகக் கடுமையான எச்சரிக்கைப் பெட்டியையே சேர்த்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ, விரல்கள் இழுத்துக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கட்டும் மருந்துகள்

மேலே சொன்னவை எல்லாம் கரைவதைத் தடுப்பவை. புதிதாகக் கட்டுபவையும் இருக்கின்றன. டெரிபாரடைட் தினமும் நாமே பேனா போன்ற கருவியால் போட்டுக்கொள்ளும் ஊசி, பொதுவாக இரண்டு ஆண்டு வரை. பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், 28 நாளில் மாற்ற வேண்டும். ரோமோசோசுமாப் மாதம் ஒரு வேளை, ஓர் ஆண்டு. கடந்த ஓர் ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது.

இவை முறிவுக் கணக்கிலேயே மாத்திரையோடு நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. 2018ல் வந்த ஆய்வில், இரண்டு ஆண்டில் புதிதாக முதுகெலும்பு முறிந்தவர்கள் டெரிபாரடைட் பக்கம் 5.4 சதவீதம், அலெண்ட்ரோனேட்டின் குடும்பத்தைச் சேர்ந்த ரிசெட்ரோனேட் மாத்திரைப் பக்கம் 12 சதவீதம். அதனால் ஏற்கெனவே முதுகெலும்புகள் நசுங்கியவர்களுக்கு, கட்டும் மருந்தில் தொடங்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கட்டி முடித்தபின் காவலுக்கு மேலே சொன்ன மூன்றில் ஒன்று வந்தாக வேண்டும், இல்லையென்றால் கட்டியது கரைந்துவிடும்.

தாடை எலும்பு அழுகிவிடும் என்ற பயம் எல்லோரையும் உலுக்குகிறது. எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் அது ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கு, அல்லது அதைவிட அரிதாகத்தான் வருகிறது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது, அவ்வளவுதான். நான் அதிகம் கவனிக்கச் சொல்வது தொடையை. பல ஆண்டு மருந்துக்குப் பின் தொடையிலோ கவட்டியிலோ காரணமில்லாமல் மந்தமான வலி வந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். தொடை எலும்பு வித்தியாசமாக முறிவதற்கு முன்னறிவிப்பாக அது இருக்கலாம். இதுவும் அரிதுதான்.

அப்புறம், பிஸ்பாஸ்போனேட்டில் மட்டும் ஒரு சலுகை உண்டு: விடுமுறை. மாத்திரை ஐந்து ஆண்டு, டிரிப்ஸ் மூன்று ஆண்டு முடிந்ததும், முறிவு ஆபத்து குறைந்திருந்தால் நிறுத்திவைத்துப் பார்க்கலாம். அம்மா மூன்று டிரிப்ஸ் முடித்து இப்போது விடுமுறையில் இருக்கிறார். கால்சியமும் நடைப்பயிற்சியும் தொடர்கின்றன, ஸ்கேன் தேதி குறித்தாயிற்று.

என்னைக் கேட்டால், சிறுநீரகம் நன்றாக இருந்து, தானாக நினைவு வைத்து மருந்து எடுக்கும் ஆள் இல்லை என்றால் டிரிப்ஸ்தான். ஒழுங்காக நடப்பவருக்கு, வயிறும் ஒத்துழைத்தால், மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. டெனோசுமாப்பை, எப்படி வெளியே வருவோம் என்று முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் பேசி முடித்தவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பெரியம்மாவின் ஊசித் தேதி இப்போது என் போனிலும் அவர் மகன் போனிலும் இருக்கிறது. ஐந்தாவது மாதமே ஓர் அலாரம் அடிக்கும். நான் கூப்பிட்டால், "இன்னும் ஒரு மாசம் இருக்கேடா" என்பார்.

"அதுக்குத்தான் பெரியம்மா, இப்பவே கூப்பிடறேன்."