ரெஸ்ட் புரதத்துக்கான பிளொக்கிங் பெப்டைட்: மட்டக்களப்பில் பாவித்துப் பார்த்த பிறகு

வெஸ்டர்ன் பிளொட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுப்படி பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடுகிற புரதத்தில் ஒட்டும் அன்டிபொடியால் காணும் முறை) மூன்று பேண்ட், அதாவது மூன்று கோடுகள், வந்து, அதில் எது நாம் தேடுகிற புரதம் என்று தெரியாமல் இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ரெஸ்ட் என்பது நரம்புக் கலங்களுக்குரிய பரம்பரையலகுகளை மற்றக் கலங்களில் வேலை செய்ய விடாமல் அடக்கி வைக்கிற புரதம். 1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்ததால் என்ஆர்எஸ்எஃப் என்று இன்னொரு பெயரும் உண்டு. மனிதரில் 1097 அமினோ அமிலம், கணக்குப்படி 120 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அளவில் பேண்ட் வர வேண்டும், ஆனால் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் ஜெல்லில் 200க்குக் கிட்டத்தான் நிற்கும். இது தெரியாமல் நான் 120இல் வந்ததையே ரெஸ்ட் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். 200இலும் ஒன்று, 55இல் தடிப்பாக இன்னொன்று.

அப்புறம்தான் இந்தப் பிளொக்கிங் பெப்டைட்டுக்கு ஓடர் போட்டோம். அன்டிபொடியை உருவாக்கப் பாவித்த அதே சின்னப் புரதத் துண்டுதான் இது. முதலே அன்டிபொடியோடு கலந்தால் அதன் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும், அந்த இடத்தால் ஒட்டி வந்த பேண்ட் மறையும். சித்திரை வெயிலில் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ரெஜிபோம் பெட்டியில் வந்தது, காலையில் போய் எடுக்கும்போது ஐஸ் முழுக்கத் தண்ணீர். முகவர் ஐஸைக் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம், நெஞ்சு பதறிவிட்டது. நல்லகாலம், சின்னப் பெப்டைட் என்பதால் ஒரு இரவுச் சூட்டைத் தாங்கிவிட்டது. வந்தவுடன் 25 மைக்ரோலீட்டர் வீதம் பிரித்து மைனஸ் 20இல் வைத்தேன். கரண்ட் போய் வருகிற ஊரில் ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்கக் கூடாது.

பாவிப்பது லேசு. குப்பியில் அரை மில்லிலீட்டரில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. 1 மைக்ரோகிராம் அன்டிபொடிக்கு 5 மைக்ரோகிராம் பெப்டைட், அதாவது பிரித்து வைத்த ஒரு குழாய், ஆக இருபது தடவைக்குக் காணும். இரண்டையும் கலந்து இரவு முழுக்க 4 பாகையில் விட்டேன். ஒரே ஹீலா (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் கலம்) கலச் சாற்றை ஒரே ஜெல்லில் இரண்டு பக்கமும் ஓட்டி, மெம்பிரேனை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு வெறும் அன்டிபொடி, மற்றப் பாதிக்குப் பெப்டைட் கலந்த அன்டிபொடி. இரண்டுக்கும் எக்ஸ்போஷர் (பேண்டைப் படம் பிடிக்கும் நேரம்) ஒரே நேரம்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்மை நாமே ஏமாற்றுகிறோம்.

பெப்டைட் கலந்த பாதியில் 200 போய்விட்டது, 120உம் போய்விட்டது, 55 மட்டும் அசையாமல் நின்றது, அதாவது அது வேறெதிலோ சும்மா ஒட்டிய பேண்ட். அந்த 55ஐ வைத்து யாராவது முடிவு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை! அன்றைக்கு இந்தக் குப்பிக்குக் கொடுத்த காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொண்டு வாங்குங்கள். பேண்ட் மறைந்தது என்றால் அன்டிபொடி அந்தப் பெப்டைட்டை அடையாளம் கண்டுதான் அங்கே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதே மாதிரித் துண்டு உள்ள வேறு புரதம் இருந்தால் அதன் பேண்டும் சேர்ந்தே மறையும், அதனால் 120 எது என்று எனக்கு இன்னும் சொல்ல முடியாது. ரெஸ்ட் பரம்பரையலகை நீக்கிய கலங்கள் கிடைத்தால் அதுதான் உறுதியான சோதனை. முழுப் புரதத்தை வைத்துத் தயாரித்த அன்டிபொடிக்கும் இதை வாங்காதீர்கள், உங்கள் அன்டிபொடி எந்தப் பெப்டைட்டால் உருவாக்கப்பட்டதோ அதையே கேட்டு வாங்க வேண்டும்.

எனக்குள்ள ஒரே கோபம் குப்பியோடு வந்த தாளில்தான். 'சி முனைக்கு (புரதச் சங்கிலியின் கடைசி முனை) அருகில்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அமினோ அமில வரிசை இல்லை. வரிசை தெரிந்தால் வேறு எந்தப் புரதத்தில் அது இருக்கிறது என்று நாமே தேடிப் பார்க்கலாமே. சி முனை என்பதால் ரெஸ்ட்டின் குறுகிய வடிவமான ரெஸ்ட்4ஐ இந்த அன்டிபொடி-பெப்டைட் சோடி காட்டவே காட்டாது, அதற்கு அந்த முனையே கிடையாது. அதைத் தேடுகிற தம்பி தங்கச்சிமார் 'என்' (N) முனைக்குரிய, அதாவது சங்கிலியின் தொடக்க முனைக்குரிய, சோடியைக் கேளுங்கள்.