பிலிப்பியர் மடலை மையமாகக் கொண்ட ஒருநாள் தியானம்
வெளிநாட்டு விசாவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் கொண்டே ஒரு குடும்பத்தின் ஆசீர்வாதத்தை அளக்கப் பழகிவிட்ட நமக்கு, திருகோணமலை நகரில் நான் பங்குகொண்ட இந்தத் தியானம் மிகவும் தேவையானது. திருத்தூதர் பவுல் சிறையிலிருந்து பிலிப்பி நகரக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய, விவிலியத்தில் உள்ள மடலையே அருட்தந்தை நாள் முழுவதும் எடுத்துக்கொண்டார். தம் குலச்சிறப்பையும் யூதத் திருச்சட்டத்தின் மீதான பற்றையும் வரிசையாகச் சொல்லும் பவுல், கிறிஸ்துவை அறியும் பேற்றின்முன் அவை யாவும் குப்பை என்று மூன்றாம் அதிகாரத்தில் தள்ளிவிடுகிறார் என்பதையும், நான்காம் அதிகாரத்தில் வலியுறுத்தப்படும் மகிழ்ச்சி வறுமையிலும் வளத்திலும் மனநிறைவோடு வாழக் கற்றுக்கொண்டவரின் மகிழ்ச்சி என்பதையும் அவசரமின்றி விளக்கினார். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அமர்ந்திருந்த அவையில் (வறுமையை அறிந்தவர்களிடம் இதைப் பேசுவது எளிதன்று) அந்தச் சொற்கள் உரிய மதிப்போடு சொல்லப்பட்டன. மதிய உணவு எளிமையானது, போதுமானது. பிற்பகல் மௌன வேளையைப் பாடல் பயிற்சி விழுங்கியது வருத்தமே. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளின் பெற்றோர் இத்தகைய தியானத்துக்கு அவசியம் செல்லவேண்டும்.