ஜிஆர்இ சொற்கள்: பட்டியலா, ஃபிளாஷ் கார்டா?

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு மூன்றரை மாதம் இருந்தது. அதில் ஆங்கிலச் சொல்லறிவும் வேண்டும். அகரவரிசைச் சொற்பட்டியலை முதல் பக்கத்திலிருந்து உருப்போடுவதா, ஆன்கி செயலியில் ஃபிளாஷ் கார்டு (முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை) போட்டுப் படிப்பதா? முதல் ஆறு வாரம் பட்டியல், மிச்ச நாளெல்லாம் கார்டு என்று இரண்டையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு கார்டுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியலின் வசதி எல்லோருக்கும் தெரிந்தது: எடுத்தோம், படித்தோம். செலவும் பெரிதில்லை. ஆன்கியும் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில்தான் காசு.

பட்டியலில் என்னை ஏமாற்றியது பக்கக் கணக்கு. 'எஃப்' வரை முடித்த அன்று 'ஏ'வைப் புரட்டினால் பாதி காலி. தெரிந்த மீதியிலும், பொருள் நினைவிருக்கிறதா, அது பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பது நினைவிருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். 'எனர்வேட்' என்றால் சோர்ந்துபோகச் செய்வது. இரண்டு முறை படித்திருந்தும், மாதிரித் தேர்வில் 'எனர்ஜி' சாயலைப் பார்த்து 'உற்சாகமூட்டு' என்று எடுத்துக்கொண்டேன். ஆறு சொற்களில் பொருந்தும் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி அது. ஒன்று தப்பினாலும் மதிப்பெண் கிடையாது.

2011-இல் ஜிஆர்இயிலிருந்து எதிர்ச்சொல் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல் வாக்கியத்துக்குள்தான் வரும், ஒற்றை வரிப் பொருள் போதாது. 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தேர்வில் 'குவாலிஃபைட்' பாராட்டு என்று வந்தால், அது 'ஆனாலும்' போட்டு இழுக்கும் பாராட்டு. அதனால் என் கார்டின் முன்பக்கம் கோடிட்ட இடத்தோடு ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல். ஒரு கார்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். யாரோ செய்துவைத்த கார்டுக் கட்டையும் இறக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

சரி, இனி பராமரிப்பு. பலர் கார்டைக் கைவிடுவது இங்கேதான், நானும் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். தினம் 20 புதுச் சொல் என்பது கேட்கச் சுலபம். ஆனால் பழைய சொற்களும் திரும்பத் திரும்ப வருமே! சில வாரத்தில் ஒரு நாளைக்கு 200 கார்டு வரை வந்து நின்றது. நடுவில் நாலு நாள் காய்ச்சல். எழுந்து செயலியைத் திறந்தால் 600-க்கு மேல் பாக்கி, வட்டிக்கடைக்காரர் வாசலில் நிற்பது மாதிரி. பட்டியலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. நாலு நாள் விட்டாலும் விட்ட பக்கத்திலேயே தொடரலாம். ஆனால் மறதி அப்போதும் நடக்கிறது, பாக்கி கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். இடைவெளி விட்டுப் படிப்பதே மனதில் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன்னையே சோதித்துச் சொல்லிவிட்டார். எந்தச் சொல்லை எப்போது திரும்பப் பார்ப்பது என்று குறித்துவைக்கும் வேலையைத்தான் செயலி செய்கிறது.

புதுச் சொல்லைப் பத்து நாள் அடியோடு நிறுத்திப் பாக்கியை அடைத்தேன். அப்புறம் தினம் எட்டுக்கு மேல் சேர்க்கவில்லை. மொத்தச் சொற்கள் குறைந்தன, தேர்வில் கைகொடுத்தவை கூடின.

வேர்ச்சொல் வழியாகப் படிக்கலாமே என்பார்கள். லத்தீனில் 'எனர்வேட்' தசைநாணை உருவுவது. தெரிந்த பிறகு அந்தச் சொல் மறக்கவேயில்லை. ஆனால் முன்பின் தெரியாத சொல்லை வேரை வைத்து ஊகித்தபோது பாதி சறுக்கியது. நிறைய வாசித்தே சொல் சேர்ப்பது பற்றி நான் பேசக்கூடாது. அதற்கு வருடக்கணக்கு வேண்டும், என்னிடம் மாதக்கணக்குதான் இருந்தது.

தேர்வுக்கு மறுநாள் பழக்கதோஷத்தில் செயலியைத் திறந்தேன். 90 கார்டு காத்திருந்தது. மூடிவிட்டேன். படித்ததில் எவ்வளவு இன்னும் நினைவில் மிச்சமிருக்கிறது என்று இன்றுவரை சோதித்துப் பார்க்கவில்லை.