அளந்து வைப்பதா, பார்த்துத் திருத்துவதா?

கோத்தகிரிப் பக்கம் மழை பிடித்துவிட்டால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே புதர்த்தவளைகள் கத்த ஆரம்பித்துவிடும். இவற்றின் குஞ்சுகள் தண்ணீரில் தலைப்பிரட்டையாக நீந்துவதே இல்லை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, நகத்தளவு குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. இதற்கு நடுவிலும் நாலு காலும் அதனதன் இடத்தில்தான் முளைக்கின்றன.

இப்படிப் பிசகாமல் வளர, கருக்களுக்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு: முன்கூட்டியே அளந்து வைத்துவிடுவது, அல்லது விளைவைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்வது, அதாவது பின்னூட்டம். ஊட்டிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு ஒன்று, சூடு ஏறியதும் தானே அணையும் கீசர் இன்னொன்று.

ராடு வகைக்குப் பழ ஈ. தாய் ஈ முட்டையின் முன்முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான செய்தி மூலக்கூறை, வைத்துவிடுகிறது. அதிலிருந்து உருவாகும் புரதம் முன்னால் அடர்த்தியாகவும், பின்னால் போகப்போகக் குறைந்தும் பரவும். அடர்த்தியான இடத்தில் தலை, அடுத்து மார்பு. வேகத்தில் இதை அடிக்க முடியாது. ஏறக்குறைய ஒரே நாளில் புழு வெளியே வந்துவிடும். ஆனால் அளவு மாறினால் எல்லையும் நகரும். பைகாய்டு மரபணுவின் பிரதிகளைக் கூட்டினால் தலைப்பகுதி பின்னோக்கி விரிகிறது. அப்படியும் பெரும்பாலும் ஒழுங்கான ஈதான் வருகிறது. காரணம், விரிந்த பகுதியில் மிகையான செல்கள் பிற்பாடு செத்து ஒழிகின்றன. ஆக, இங்கேயும் திருத்தம் உண்டு, தாமதமாக.

கீசர் வகைக்கு வரிக்குதிரை மீன். நோடல் என்ற சமிக்ஞைப் புரதம் தன்னையும் தூண்டும், தன்னைத் தடுக்கும் லெஃப்டி என்ற புரதத்தையும் தூண்டும். லெஃப்டி நோடலைவிட வேகமாகப் பரவுவதால், நோடல் ஏற ஏறக் கடிவாளமும் இறுகும். மீனின் இரண்டு லெஃப்டி மரபணுக்களையும் நீக்கினால் நோடல் எல்லை மீறிக் கரு செத்துவிடும்.

2017இல் வெளியான ஆய்வுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லெஃப்டி இல்லாத கருக்களுக்கு நோடலை அடக்கும் மருந்தைச் சரியான அளவில் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டன! இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ லெஃப்டி தெண்டமா சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வடிவம் உருவாக நிலையான ஒரு தடையே போதும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேண்டுமென்றே நோடலைக் கூட்டிச் சீண்டியபோது, லெஃப்டி உள்ள கரு சமாளித்தது. மருந்தை நம்பிய கருவால் முடியவில்லை. பாடப்புத்தகங்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

ஆப்பிரிக்க நகத்தவளையின் கருவை ஆரம்பத்திலேயே பாதியாக வெட்டினாலும், முதுகுப்புறப் பாதி சிறியதாக, ஆனால் விகிதம் பிசகாத தலைப்பிரட்டையாகிறது. வயிற்றுப்புறச் சமிக்ஞையான பி.எம்.பி. குறைந்தால், முதுகுப்புறத்தில் ஏ.டி.எம்.பி. என்ற இன்னொரு சமிக்ஞை தானாக உயர்ந்து ஈடுகட்டுகிறது. அளந்து வைக்கும் முறையில் இதற்கு வழியே இல்லை.

என் ஓட்டு பின்னூட்டத்துக்கே. அதற்காகக் குறை இல்லாமல் இல்லை. தகவல் போய்த் திரும்ப நேரமாகும், அந்தத் தாமதத்தில் அளவு ஊசலாடும். எலிக் கரு இந்த ஊசலையே கடிகாரமாக்கிக்கொண்டது. ஹெஸ்7 புரதம் தன் மரபணுவைத் தானே அடக்கி, சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதுகெலும்பாகப்போகும் ஒரு ஜோடித் துண்டு பிரிகிறது. அந்தப் புரதம் சிதையக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாலே போதும், தாளம் தப்பி முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன.